தலைக்கு மேல் தொல்லை: பேன் ஒழிய இரண்டு வாரம்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்து இரண்டு மூன்று வாரம் ஆனதும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்துவிடும்: “உங்கள் பிள்ளையின் தலையைப் பார்த்துச் சுத்தம் செய்து அனுப்பவும்.” யார் தலையில் கண்டார்கள் என்று எழுதியிருக்காது. ஆனாலும் அன்று சாயங்காலம் மருந்துக் கடையில் பேன் ஷாம்பு கேட்டு நாலு பேராவது நிற்பார்கள். சில வீட்டில் பிள்ளைக்கு அடி விழும். சில வீட்டில் கத்தரிக்கோலை எடுப்பார்கள். எல்லா வீட்டிலும் ஒரே விசாரணை: “யார்கிட்ட இருந்துடி ஒட்டிக்கிட்டு வந்தே?”

மே மாதம் முழுக்க ஆச்சி வீட்டில் பெரியம்மா பிள்ளை, சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை என்று ஒரு பட்டாளமே தலையோடு தலை சேர்த்துப் படுத்துக் கிடந்தது யாருக்கும் நினைவு வராது. பழியெல்லாம் பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் மேல். உண்மையில், முதல் முறை பேன் ஏறிய தலையில் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். பேன் கடிக்கும்போது அதன் எச்சில் தோலுக்குள் போகிறது. அந்த எச்சிலை உடம்பு ஒவ்வாமல் எதிர்க்கத் தொடங்கும்போதுதான் அரிக்கிறது. ஜூனில் சொறிகிற தலைக்கு மே மாதமே குடியேற்றம் நடந்திருக்கும்.

பேன் ஒழியாத வீடுகளைப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே மருந்துக்குக் குறைவில்லை. ஷாம்பு இரண்டு மூன்று வகை இருக்கும், எண்ணெய் இருக்கும், பாட்டி சொன்ன பொடி இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரமும் இருக்கும். அந்த அவசரம்தான் பேனை வாழ வைக்கிறது. பிள்ளையின் தலையில் மண்ணெண்ணெய் ஊற்ற வைப்பதும் அதுதான்.

ஈரின் கணக்கு

வளர்ந்த பேன் எள் அளவு. 2 முதல் 3 மில்லிமீட்டர். ஆறு கால், ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரு கொக்கி. மனிதனின் தலைமுடியைச் சுற்றிப் பிடிக்க வாகாக அந்தக் கொக்கி வளைந்திருக்கிறது. இறக்கை கிடையாது, குதிக்கவும் தெரியாது. நாய், பூனை, கோழி எதனிடமிருந்தும் மனிதத் தலைக்கு இது வராது. தலையும் தலையும் தொட்டுக்கொண்டால் முடி வழியே ஊர்ந்து ஏறும், அவ்வளவுதான். ஆனால் ஊர்வதில் கெட்டி. நிமிடத்துக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஒரே செல்போனை நாலு பிள்ளைகள் குனிந்து பார்க்கிற நேரம் அதற்குத் தாராளம்.

தலைக்குக் குளித்தால் பேன் மூழ்கிச் சாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. சாகாது. தண்ணீர் பட்டதும் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு முடியை இறுகப் பற்றிக்கொள்ளும், மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அழுக்குத் தலையில்தான் பேன் வரும் என்பதும் பொய். அதற்கு வேண்டியது ரத்தமும் சூடும். தினம் தலை குளிக்கிற பிள்ளையிடமும் அவை இருக்கின்றன.

பெண் பேன் நாளுக்கு எட்டு முட்டை வரை வைக்கும். தலைத்தோலின் கதகதப்பு தேவை என்பதால், தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள், முடியின் அடியிலேயே ஒட்டும். அதுதான் ஈர். அதை ஒட்டியிருக்கும் பசை சீயக்காய்க்கும் அசையாது, ஷாம்புக்கும் அசையாது. 7 முதல் 10 நாளில் ஈர் பொரியும். வெளியே வரும் குஞ்சு மூன்று முறை தோலுரித்து, மேலும் 9 முதல் 12 நாளில் முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். வளர்ந்த பேனுக்குத் தலையில் சுமார் ஒரு மாதம் ஆயுள். கீழே விழுந்தால் ரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும்.

பேன் ஒழிப்பின் சூட்சுமம் முழுவதும் இந்தக் கணக்கில் இருக்கிறது. இன்று போடும் மருந்து ஓடுகிற பேனைக் கொல்லும்; ஈரின் ஓட்டுக்குள் பெரும்பாலும் புகாது. “சுத்தமாகிவிட்டது” என்று நாம் நிம்மதியாகும் அதே வாரத்தில் உள்ளே ஈர் பொரிந்துகொண்டிருக்கும். புதுக் குஞ்சுகள் முட்டையிடும் முன் இரண்டாவது தடவை கை வைக்காவிட்டால், செலவழித்தது தண்டம்.

ஈர் என்று நினைத்துப் பொடுகோடு மல்லுக்கட்டுகிறவர்களும் நிறைய. பொடுகு ஊதினால் பறக்கும், தட்டினால் உதிரும். ஈர் முடியில் ஒட்டிக்கொண்டு, நகத்தால் வழித்தால்தான் வரும். தோலை ஒட்டிப் பழுப்பாக இருப்பதில் உயிர் இருக்கலாம். தோலை விட்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் பொரிந்துபோன வெற்று ஓடு. முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஓடும் அதோடு சேர்ந்து மேலே போயிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மருந்து போட வேண்டாம். ஓடுகிற பேன் ஒன்றாவது கண்ணில் பட்டால்தான் மருந்து.

இன்னொரு பயம், “பேன் ரத்தத்தை எல்லாம் குடிக்குது, அதான் பிள்ளை தேறவே இல்லை” என்பது. 30 பேன் இருக்கும் தலையில்கூட ஒரு நாளுக்குப் போகும் ரத்தம் ஒரு மில்லிலிட்டரில் நூறில் ஒரு பங்குதான் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தலையே கனக்கும் அளவுக்குப் பல மாதம் கவனிக்காமல் விட்ட பிள்ளைகளில் ரத்தசோகை பதிவாகியிருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். உண்மையான தொந்தரவு தூக்கம் கெடுவதும், சொறிந்து புண்ணாகிச் சீழ் பிடிப்பதும்தான். பிடரியில் நெறி கட்டியிருந்தால் அந்தப் புண்ணைத் தேடுங்கள்.

ஷாம்பு ஏன் தோற்கிறது?

கடையில் ‘பேன் ஷாம்பு’ என்ற பெயரில் விற்பது எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் மூலிகைச் சாறும் வாசனையும் மட்டும் இருக்கும். சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி 1 சதவீதம் இருக்கும். தலைப்பேனுக்குப் பல நாடுகளில் மருத்துவர்கள் முதலில் எழுதித் தருவது இந்த 1 சதவீத பெர்மெத்ரினைத்தான். இரண்டு மாதம் தாண்டிய குழந்தைக்கே கொடுக்கலாம். இதே மருந்து 5 சதவீதத்தில் சிரங்குக்கான கிரீமாகவும் விற்கிறது. பெயர் ஒன்றுதானே என்று வீட்டில் மீந்த சிரங்குக் கிரீமைத் தலையில் தேய்க்காதீர்கள். அட்டையில் சதவீதத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நம் வீடுகளில் இது வேலை செய்யாமல் போக முதல் காரணம் எண்ணெய். வெள்ளிக்கிழமை வைத்த தேங்காய் எண்ணெய் ஞாயிறுவரை தலையில் இருக்கும். அந்த எண்ணெய் மேலேயே மருந்தைத் தடவுவோம். எண்ணெய்ப் பூச்சுக்கு அடியில் இருக்கிற முடியில் மருந்து எப்படிப் படியும்? முதலில் கண்டிஷனர் கலக்காத சாதாரண ஷாம்பு போட்டு எண்ணெய் முழுவதும் போக அலச வேண்டும். துண்டால் ஈரம் ஒற்றி எடுத்து, முடி ஈரப்பதமாக இருக்கும்போதே அடிமுதல் நுனிவரை மருந்தைத் தடவி, 10 நிமிடம் விட்டு அலச வேண்டும். கூடுதல் நேரம் வைத்தால் கூடுதல் பலன் இல்லை. அடுத்த ஓரிரு நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது. பிறகு காலண்டரில் குறித்துவைத்து 9-ஆம் நாள் மறுபடியும் அதே போல ஒரு தடவை.

இரண்டாவது காரணம் சிக்கனம். இடுப்புவரை ஜடை போடும் பெண்ணுக்கு ஒரு சின்ன பாட்டில் போதாது. அதை அக்கா தங்கை மூன்று பேருக்குப் பங்கிட்டால் மூன்று தலையிலும் பேன் பிழைக்கும். அரை வயிற்று மருந்து பேனைப் பழக்கப்படுத்தவும் செய்யும். பெர்மெத்ரினுக்கு அசராத பேன்கள் பல நாடுகளில் பெருகிவிட்டன. அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஆய்வில், நாடு முழுவதும் சேகரித்த பேன்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் எதிர்ப்புத்திறன் தரும் மரபணு மாற்றம் இருந்தது. முறையாக இரண்டு தடவை போட்டும் மறுநாளே பேன் சுறுசுறுப்பாக ஓடினால், மூன்றாவது தடவை அதையே ஊற்றுவதில் அர்த்தமில்லை. மருத்துவரைப் பாருங்கள்.

அவரிடம் வேறு வழிகள் உண்டு. டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் திரவம் விஷமே இல்லாமல் பேனை மூடி அடைத்துக் கொல்கிறது. விஷம் இல்லாததால் பேன் அதற்கு எளிதில் பழகாது. ஐவர்மெக்டின் மாத்திரை இன்னொன்று. அதன் மூலப்பொருளைக் கண்டுபிடித்த ஜப்பானின் சதோஷி ஓமுராவுக்கும் அமெரிக்காவில் ஆய்வு நடத்திய வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்ற மருந்துக்கு அடங்காத பேன்களுக்கு இந்த மாத்திரையை ஒரு வார இடைவெளியில் இரண்டு வேளை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளியானது. பதினைந்தாம் நாளில் 95 சதவீதம் பேரின் தலையில் பேன் இல்லை. ஆனால் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கூடாது, அளவு எடையைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி வாங்கும் மருந்தல்ல இது.

ஒரு பழைய பாட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு’, அல்லது ‘லின்டேன்’ என்று அட்டையில் இருந்தால் பிள்ளையின் தலைக்கு வேண்டாம். தோல் வழியே உள்ளே போய் நரம்பு மண்டலத்தைத் தாக்கக்கூடியது, வலிப்பு வந்திருக்கிறது. கலிபோர்னியா 2002-இல் மருந்தாக அதைப் பயன்படுத்துவதையே தடை செய்தது. வயலில் அடித்த அதே லின்டேனைத்தான் 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்க வேண்டிய நச்சுகளின் பட்டியலில் சேர்த்தது.

ஊற்றக் கூடாதவை

நம் ஊர்க் கைவைத்தியத்தில் முதலிடம் சீத்தாப்பழ விதைக்கு. விதையைக் காயவைத்து இடித்து எண்ணெயிலோ தண்ணீரிலோ குழைத்துப் பூசுவார்கள். பேன் சாகும், மறுக்கவில்லை; பூச்சிகளைக் கொல்லும் சரக்கு அந்த விதையில் இருக்கிறது. ஆனால் அலசும்போது ஒரு துளி கண்ணில் இறங்கினால் கருவிழியின் மேல்தோல் உரிந்துவிடும். கண் சிவந்து, திறக்க முடியாமல் நீர் கொட்டி, பார்வை மங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். உரிய நேரத்தில் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் குணமாகிவிட்டது. பேனுக்காகக் கண்ணைப் பணயம் வைக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. இயற்கை மருந்து என்பதால் மட்டும் எதுவும் சாதுவாகிவிடாது.

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்ப்பது அடுத்தது. தேய்த்ததைவிட, கிண்ணத்தில் மிச்சம் வைத்ததைக் கைக்குழந்தை எடுத்துக் குடித்துவிடுவதுதான் அதிக ஆபத்து. கொஞ்சம் கற்பூரம் வயிற்றுக்குள் போனாலே சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். வேப்பெண்ணெயும் அப்படித்தான், சின்னக் குழந்தையின் வயிற்றுக்குள் போகக் கூடாது. பாச்சை உருண்டையைப் பொடி செய்து தலையில் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருக்கும். அந்த உருண்டையில் உள்ள நாப்தலீன் அவர்களுடைய ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், விளக்கருகே போனால் பற்றிக்கொள்ளும். கரப்பானுக்குக் கோடு போடும் சாக்பீஸும், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தும் எவ்வளவு விஷம் தோலுக்குள் போகிறது என்ற அளவே தெரியாமல் பூசப்படுபவை. இவற்றைப் பற்றி நிதானமாக விளக்க ஒன்றுமில்லை, கூடாது.

துளசி, வசம்பு, வேப்பிலை அரைத்துப் பூசுவதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. அதை மட்டும் நம்பி இரண்டு மாதம் ஓட்டிவிட்டால் வீடே சொறியும்.

சீப்பு

இஸ்ரேலில் லாகீஷ் என்ற தொல்லியல் களத்தில் தந்தத்தால் செய்த ஒரு சின்னச் சீப்பு கிடைத்தது. வயது ஏறக்குறைய 3,700 ஆண்டு. ஒரு பக்கம் சிக்கெடுக்க ஆறு பெரிய பல், மறுபக்கம் நெருக்கமாக 14 பல். அதன் மேல் கீறியிருந்த கானானிய எழுத்துகளை 2022-இல் படித்து வெளியிட்டார்கள். தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தச் சீப்பு ஒழிக்கட்டும் என்கிற வேண்டுதல் அது. அகரவரிசை எழுத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய முழு வாக்கியம் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சீப்பின் பல்லிடுக்கில் பேனின் மிச்சமும் இருந்தது. திருவிழாக் கடைகளில் இன்றும் இருபக்கமும் பல் வைத்த மரப் பேன் சீப்பு விற்கிறார்கள். அமைப்பு பெரிதாக மாறிவிடவில்லை.

மாற வேண்டிய தேவையும் இல்லை. 2005-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் ஒரு பாதிப் பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கும் பேன் மருந்தும், மறுபாதிக்கு ஈர முடியில் பேன் சீப்பும் கொடுத்து ஒப்பிட்டார்கள். மருந்தில் 13 சதவீதம் பேருக்குத்தான் பேன் ஒழிந்தது. சீப்பில் 57 சதவீதம். நூற்றுக்கு நூறு இல்லைதான். சீப்புப் போடுவதில் பாதியில் சலித்துவிட்டால் அதுவும் தோற்கும்.

முறையாகச் செய்வது இப்படி. வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் பிள்ளையை உட்காரவைத்துத் தோளில் வெள்ளைத் துண்டு போடுங்கள். முடியை நனைத்துக் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவுங்கள். இல்லாத வீட்டில் தேங்காய் எண்ணெய் போதும். மருந்து போடும் நாளில் எதிரியான எண்ணெய் சீப்புப் போடும் நாளில் நமக்குத் துணை. காய்ந்த முடியில் பேன் ஓடி ஒளியும். வழவழப்பான ஈர முடியில் சற்று நேரம் அசையாமல் கிடக்கும். பெரிய பல் சீப்பால் முதலில் சிக்கு மொத்தத்தையும் எடுங்கள். இதில் அவசரப்பட்டால் பிள்ளை அழுதுகொண்டே எழுந்து ஓடிவிடும், அடுத்த வாரம் உட்காரவே உட்காராது. பிறகு வகிடெடுத்து நாலாகப் பிரித்து, மூன்று பகுதியைக் கிளிப் போட்டு ஒதுக்கிவிட்டு, மீதிப் பகுதியில் விரல் அகலக் கற்றையாக எடுங்கள். பேன் சீப்பின் பல் தலைத்தோலில் படும்படி வைத்து நுனிவரை ஒரே இழுப்பு. துணியில் துடைத்துப் பாருங்கள். பழுப்பாக, கால் ஆட்டிக்கொண்டு கிடப்பது பேன். குத்தூசி முனை அளவில் வெளிறித் தெரிவது குஞ்சு. அதே கற்றையை அடியில், மேலே, இரு பக்கமும் என்று திருப்பித் திருப்பி இழுத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் கூடுதல் நேரம் கொடுங்கள். அவற்றுக்குப் பிடித்த இடம் அது.

நீள முடிக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். இன்று தொடங்கினால் 5, 9, 13-ஆம் நாட்களில் மறுபடி. 17-ஆம் நாள் சோதனை இழுப்பு. ஒன்றும் வராவிட்டால் முடிந்தது. இடையில் ஒரு நாளைத் தவறவிட்டால், பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டையிட்டுவிடும், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். சீப்பு உலோகமாக, பல்லிடுக்கு 0.3 மில்லிமீட்டருக்கு மேல் போகாததாக இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் சீப்பின் பல் வளைந்து பேனுக்கு வழிவிடும்.

அதே நாளில் வீட்டில் எல்லாத் தலையையும் பாருங்கள். அம்மா, பாட்டி தலையைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பிள்ளையை மடியில் போட்டுத் தூங்கவைக்கிற தலை அது. ஓடுகிற பேன் இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சிகிச்சை எடுக்க வேண்டும். வீட்டைத் தலைகீழாகப் புரட்டுவது வீண். தலையணை உறை, துண்டு, ரிப்பன், சீப்பு இவற்றை வெந்நீரில் போட்டால் போதும். முடியாததை இரண்டு நாள் தொடாமல் வைத்தாலே மிஞ்சியது செத்துவிடும். மெத்தையில் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம்.

மொட்டை போட்டால் பேன் போகும், சந்தேகமில்லை. வேண்டுதலுக்குப் பழனியில் முடி இறக்கினால் கூடவே இதுவும் இறங்கிவிடும். ஆனால் பத்து வயதுப் பெண்ணைத் தண்டிப்பதுபோல் உட்காரவைத்து ஒட்ட வெட்டிவிடுவது வைத்தியமில்லை.

பின் பெஞ்சு

பேன் இருக்கிறதென்று ஒரு பிள்ளையைத் தனி பெஞ்சில் உட்காரவைக்கும் வகுப்பறைகள் இன்னும் இருக்கின்றன. யாரை அப்படி வைக்கிறார்கள் என்று பாருங்கள்: பெரும்பாலும் ஏழைப் பிள்ளையை, ‘அந்தத் தெரு’ப் பிள்ளையை. பேன் தெருப் பார்த்து ஏறுவதில்லை, நாம்தான் பார்க்கிறோம். கண்டுபிடித்த நாளில் அந்தத் தலையில் பேன் குடியிருந்து ஒரு மாதமாவது ஆகியிருக்கும்; இன்று விரட்டி என்ன லாபம்? பேன் இருப்பதற்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் பிரிட்டனின் பொது மருத்துவத் துறையும் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. துணிப்பேன் டைபஸ் காய்ச்சலைப் பரப்பும் என்று 1909-இல் கண்டுபிடித்த ஷார்ல் நிக்கோலுக்கு 1928-இல் நோபல் கிடைத்தது. தலைப்பேன் அப்படி எந்தக் கொள்ளைநோயையும் பரப்புவதாகத் தெரியவரவில்லை. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கும் வேலையைப் பள்ளிகள் விட்டுவிடலாம்.

வெட்கப்படுத்தினால் வேறொரு கெடுதலும் நடக்கும். அம்மாக்கள் மறைப்பார்கள். மறைத்த வீட்டிலிருந்து பேன் சொல்லாமல் கொள்ளாமல் ஊர் சுற்றும். “எங்க பிள்ளை தலையில இருந்தது, மருந்து போட்டுட்டோம், நீங்களும் பாருங்க” என்று ஒரே ஒரு தாய் குழுவில் எழுதிவிட்டால், அந்த வகுப்பில் பாதி வேலை முடிந்தது.

விடுதிகளின் நிலைமை வேறு. ஆதிதிராவிடர் நலத் துறை விடுதியிலும் கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயாவிலும் தங்கிப் படிக்கும் பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் படுக்கிறார்கள், ஒருவருக்கொருவர் ஜடை பின்னிவிடுகிறார்கள். தலை பார்க்க அம்மா பக்கத்தில் இல்லை. ஒருத்திக்கு மட்டும் மருந்து போட்டால் ஒரு வாரத்தில் அடுத்த பாயிலிருந்து திரும்பி வந்துவிடும். அறை முழுவதும் ஒரே நாளில், 9-ஆம் நாள் மறுபடி ஒரே நாளில் என்று செய்தால்தான் உண்டு. பள்ளிகளுக்கு மருத்துவக் குழு அனுப்பும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அந்தக் குழு சிரங்கைப் பார்க்கும்போதே தலையையும் பார்த்துவிடலாம். சோப்பு, எண்ணெய்க்குக் காசு ஒதுக்கும் அரசு, விடுதியில் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் உலோகப் பேன் சீப்பு ஒன்றை முதல் நாளே கொடுக்கட்டும். வார்டன்கள் இந்தக் கோரிக்கையை இந்த ஆண்டே எழுதி அனுப்ப வேண்டும்.